அலையில்லாக் கடலும் கோட்டையில்லாக் கோட்டையும்

அறந்தாங்கியைச் சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. அவற்றில் முக்கியமானவை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை இந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பழைய ஆட்களுக்கு மனசில் தஞ்சாவூர், ரேஷன் கார்டில் புதுக்கோட்டை. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பஸ் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மணமேல்குடி வந்துவிடும், டிரைவருக்கு வழியில் தெரிந்தவர்கள் அதிகம் இல்லாத பட்சத்தில்.

ஊருக்கு வரும் வழிகளில் ரயில் தனி ரகம். காரைக்குடி–திருவாரூர் மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்குவதற்காகப் பல ஆண்டுகள் மூடி வைத்திருந்தார்கள். 2019 ஜூனில் முழுப் பாதையிலும் மறுபடி ரயில் விட்டபோது பாதை இருந்தது, கேட்டும் இருந்தது, கேட்கீப்பர்தான் இல்லை. ஆகவே கேட்கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் ரயில் நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். ரயில் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. இயற்கைக் காட்சியை நின்று ரசிக்க வேண்டும் என்று ஏங்குகிற பயணிகளுக்கு இந்திய ரயில்வே இதைவிட வேறென்ன செய்ய முடியும்?

அறந்தாங்கியின் முதல் வரலாற்றுச் சின்னம் கோட்டை. ஊருக்குள் கோட்டை எங்கே என்று கேட்டால் வழி சொல்லாதவர் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்தவர், அதே இடத்தில் நின்றுகொண்டு, கோட்டை எங்கே என்று மறுபடி கேட்க நேரும். "நீங்க நிக்கிறதுதான் சார் கோட்டை" என்று பதில் வரும். மதில் பெரும்பாலும் போய்விட்டது. பெயர் மட்டும் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு தொட்டு இங்கே அறந்தாங்கித் தொண்டைமான்கள் என்ற சிற்றரசர்கள் இருந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வேறு, இவர்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவரை உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டால், அன்றைக்குக் கடல் பார்க்கும் திட்டத்தைக் கைவிடலாம். பிறகு தஞ்சாவூர்க்காரர்களும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் இந்தக் கோட்டையை மாறி மாறிப் பிடித்தார்கள். அத்தனை பேர் பிடித்து இழுத்தால் எந்தக் கோட்டைதான் நிற்கும்.

தென்கிழக்கே 14 கிலோமீட்டரில் ஆவுடையார்கோயில், பழைய பெயரில் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தபோது அரசாங்கப் பணத்தோடு குதிரை வாங்கக் கிளம்பினார். குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பணம் கோயிலாக மாறிவிட்டது. குதிரை எங்கே என்று மதுரையிலிருந்து ஓலை வந்தது. சிவபெருமான் நரிகளைக் குதிரையாக்கி ஓட்டிவந்து ஒப்படைத்ததும், இரவில் அவை மறுபடி நரியாகி லாயத்தையே கலக்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏட்டில் குதிரை, கொட்டிலில் நரி: தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கோயிலில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பதுண்டு என்றால் நம்பலாம்.

கோயிலுக்குள் போனால் தேடல் தொடரும். நந்தி இல்லை. கொடிமரம் இல்லை. பலிபீடம் இல்லை. கருவறையில் ஆவுடையார் உண்டு. அதன்மேல் இருக்க வேண்டிய லிங்கம் இல்லை. அம்மன் யோகாம்பாளுக்கு உருவம் கிடையாது, திருவடிகள் மட்டும்தான். அவற்றையும் கல் பலகணியின் துளைகள் வழியே எட்டிப் பார்க்க வேண்டும். ஆன்மநாதர் என்ற பெயருக்கு ஏற்ப எல்லாமே அருவம். நைவேத்தியமும் அந்தக் கணக்கில்தான். புழுங்கலரிசிச் சோற்றைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து படைகல்லில் கொட்டுகிறார்கள். கீரையும் பாகற்காயும் துணைக்கு உண்டு. சாமிக்குப் போய்ச் சேர்வது அதன் ஆவி. பாகற்காயை ஆவியாக மட்டும் ஏற்றுக்கொள்வது எத்தனை புத்திசாலித்தனம் என்பது வீட்டில் அதைச் சாப்பிட மறுத்து வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

கருவறையில் குறைத்துக்கொண்டதை எல்லாம் சிற்பிகள் மண்டபத்தில் ஈடுகட்டிவிட்டார்கள். கொடுங்கை என்னும் அந்தத் தாழ்வாரக் கூரை முழுக்கக் கல். ஆனால் மரச்சட்டம் அடித்து, கம்பி கோத்து, ஆணி அறைந்தது போலச் செதுக்கியிருக்கிறார்கள். ஆணியின் தலை வரைக்கும் கல்லில் இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக வேறு எதுவும் செய்து தருவோம் என்று எழுதிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். இந்தக் காலத்துக் காண்டிராக்டர்கள் நீங்கலாக எழுதும் பட்டியல் இதைவிட நீளம். கூரை உண்மையில் கல்தானா என்று சந்தேகப்பட்டு வெள்ளைக்காரத் துரை ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாகச் சொல்லி, வழிகாட்டுபவர்கள் மேலே ஓட்டையைக் காட்டுவார்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய தூண்கள் எத்தனையோ பக்கத்திலேயே இருந்தன. துரைகளுக்கு அவசரம்.

இங்கிருந்து கடலுக்குப் போகும் பக்கம் மும்பாலை. கல்லணையில் கிளம்பும் கல்லணைக் கால்வாய் 150 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி முடிகிற இடம் மும்பாலை ஏரி. கடைமடை. மேலே உள்ளவர்கள் எல்லோரும் குடித்து, குளித்து, பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் வரும் தண்ணீரை இங்கே காவிரி என்று மரியாதையோடு அழைக்கிறார்கள்.

மணமேல்குடி நாயன்மார் ஊர். பாண்டியன் நெடுமாறனின் மந்திரியான குலச்சிறையார் பிறந்தது இங்கே. ஊரிலிருந்து கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்முனைக்குக் கோடியக்கரை என்று பெயர். 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு, பூங்குழலி படகு விட்ட இடத்தைப் பார்க்க வந்தவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கல்கி எழுதிய கோடிக்கரை வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது. இது அதன் பெயரைக் கொண்ட இன்னொன்று. ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்க வருகிற கூட்டத்துக்கு இந்தக் குழப்பம் எல்லாம் கிடையாது. வந்தோமா, முங்கினோமா, சோற்றைக் கட்டவிழ்த்தோமா என்று போய்விடும்.

கடலில் அலை இருக்காது. பாக் விரிகுடாவின் வடபாகமான இந்தக் கடல் ஆழம் குறைந்தது. பல இடங்களில் பத்து மீட்டர்கூடத் தேறாது. எதிரே இலங்கை குறுக்கே படுத்துக்கொண்டு பெரிய அலைகளை மறித்துவிடுகிறது. மெரினாவில் பழகியவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலைக்காகக் காத்து நிற்பார். கடல், கிளாஸில் ஊற்றி வைத்த தண்ணீர் போலச் சும்மா இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால்தான் அதற்குக் கொஞ்சம் ரோஷம் வரும். நீர் வற்றிய நேரத்தில் உள்ளே இறங்கி நடந்தால் வெகுதூரம் போனாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது, சேறு தாண்டும். செருப்பு உள்ளே போனால் அதை மறந்துவிடுவது நல்லது.

கரையோரம் காலாற நடப்பது என்னும் பொழுதுபோக்கு இங்கே இன்னும் வந்து சேரவில்லை. காரணம் இல்லாமல் கடலோரத்தில் நடக்கிற மனிதர் மூன்றில் ஒருவராகத்தான் இருக்க முடியும்: சர்வேயர், இடத்தரகர், அல்லது சர்க்கரை நோயாளி. வலை பின்னிக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "எந்த ஊரு தம்பி? யாரு வீட்டுக்கு வந்திய?" யார் வீட்டுக்கும் இல்லை என்றால், "வண்டி பஞ்சரா?" "இல்லண்ணே, சும்மா நடந்து போறேன்" என்றால் பின்னுகிற கை நின்றுவிடும். சும்மா என்பது பதிலாகாது. சர்க்கரை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு கைமருந்தும் இலவசமாகக் கிடைக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல், காயப்போட்ட கருவாடு, இவற்றுக்கு அப்பால் சீமைக்கருவேலம் தொடங்கிவிடும். அதற்குள் நடைப்பயணம் போனவர்களின் சட்டை பேசும்.

தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் வரும். கோட்டைப்பட்டினத்தில் கோட்டையைத் தேட வேண்டாம்; அறந்தாங்கியில் தேடியதே போதும். ராவுத்தர் அப்பா தர்காவைப் பார்க்கலாம், எல்லா மதத்தாரும் வந்துபோகும் இடம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் மீன் வாங்க நினைத்து வருகிற உறவினர், விலையைக் கேட்டதும் சைவத்தின் பெருமை பேசத் தொடங்குவார்.

வடக்கே கட்டுமாவடியைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். சேதுபாவாசத்திரம் பக்கம் சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி மனோரா நிற்கிறது: அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, 75 அடிக்கு மேல் உயரம். இந்த வட்டாரத்தில் மறைந்துபோகாமல் முழுசாக நிற்கும் ஒரே வீரச்சின்னம் இதுதான். வெற்றி மட்டும் உள்ளூருடையது இல்லை. பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. 1799 ஒப்பந்தத்தோடு மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும்தான் மிச்சம். நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் வேறொருவன் நாட்டை ஜெயித்ததற்கு, தான் ஆளாத கரையில், அவர் கோபுரம் எழுப்பினார். வாட்டர்லூ வெற்றிக்கு எழுப்பியது என்று பலரும் சொல்வார்கள். கட்டிய ஆண்டு 1814 என்கிறார்கள். வாட்டர்லூவோ 1815 ஜூன். 1814இல் முடி துறந்து எல்பா தீவுக்குப் போன நெப்போலியன் அடுத்த ஆண்டே திரும்பி வந்து அரியணையில் உட்கார்ந்துகொண்டான். கொத்தனாருக்கு அப்போது கூலி பாக்கி இருந்திருந்தால் கொடுக்கலாமா வேண்டாமா என்று தஞ்சையில் யோசித்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை; இதே கரையில் இன்னும் வடக்கே காரைக்காலில் 1954 வரை இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

மனோராவின் முன்னால் விரிந்து கிடக்கும் கடல்தான் கடைசியாகப் பார்க்க வேண்டியது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்தப் பிராணி, நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல்லை மேய்ந்துகொண்டு, மூச்சு விட மட்டும் மேலே வந்து போகும். வலையில் சிக்கினால் விடுவிக்கும் மீனவருக்கு வெகுமதி உண்டு. கரையில் பைனாகுலரோடு நிற்பவருக்கு அது தென்படுவது அபூர்வம். இதற்காகவே மனோரா அருகில் பன்னாட்டுக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் ஒன்றை அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. திறந்துவிட்டால் ஆவுளியாவைக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மின்விசிறிக் காற்றில், சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.