வேலிப் பொட்டு

யாழ்ப்பாணத்தானுக்கு வேலியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கதியாலை நாலு விரற்கடை அங்காலே நட்டதற்காக இரண்டு தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் இருந்தன. அதே குடும்பங்கள் சீனி கைமாற்று வாங்கவும், நல்லது கெட்டதுக்கு ஓடி வரவும் அதே வேலியில் ஓலையை விலக்கி, ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு பொட்டும் வைத்திருந்தன. அதனால் 1995 ஜூன் மாதம், இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணையைச் சுற்றி நின்ற வேலிக்கு முன்னால் நானும் என் கூட்டாளியும் போய் நின்றபோது எனக்குப் பயம் வந்தது, ஆச்சரியம் வரவில்லை.

பண்ணையின் பெயர் வேர்தி. பில்ற்றன் என்ற சின்னக் கிராமத்தில் இருக்கிறது. மைக்கல் ஈவிஸ் என்ற பால்காரக் கமக்காரர், பண்ணைக் கடனை அடைக்க ஏதாவது வழி கிடைக்குமா என்று 1970 செப்ரெம்பரில் அங்கே ஒரு பாட்டுக் கச்சேரி வைத்தார். நுழைவுக் கட்டணம் 1 பவுண்; வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் 1,500 பேர். கிளாஸ்டன்பரி விழா என்று இன்றைக்கு உலகம் சொல்வது அதைத்தான். கடன் அடையவில்லை, கூடியது என்கிறார்கள். எங்கள் ஊரிலும் திருவிழா உபயகாரர்களுக்கு நடப்பது இதுதான்.

1995இல் ரிக்கெற் 65 பவுண். எனக்கு வயது 23. கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை, மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பவுண், கையில் காசு. அதாவது ஒரு ரிக்கெற்றுக்கு 26 மணித்தியாலம் கண்ணாடிக் கூண்டுக்குள் முழித்திருக்க வேண்டும். அகதி வழக்கு முடியவில்லை. ரிக்கெற் இல்லாமல் எங்காவது நுழைந்து பிடிபட்டால் வழக்கு என்னாகும் என்று நான் வழி முழுக்க, மூன்று மணித்தியாலமும், வானுக்குள் புலம்பிக்கொண்டு வந்தேன். கூட்டாளி வானை ஓட்டியபடியே சொன்னான்: “மச்சான், கொழும்பிலயிருந்து எத்தினை நாட்டு எல்லை தாண்டி இஞ்ச வந்தனி? வேலி பாயுறது உனக்குப் புதுசோ?”

வேலியடியில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஏணி வைத்திருந்தான். ஆளுக்கு 5 பவுண். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி வந்த எங்களுக்கு அந்த முறை உடனே விளங்கியது. பேரம் பேசி இரண்டு பேருக்கும் 7 பவுணில் முடித்தோம். நான் முதலில் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு எழும்பிப் பார்க்கிறேன். இருநூறு யார் தள்ளி வேலி மொத்தமாகச் சரிந்து கிடக்கிறது. சனம் கையை வீசிக்கொண்டு, கோயில் வெளி வீதிக்கு வருவதுபோல வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆண்டு அப்படி நுழைந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவ்வளவு பேரிலும் காசு கொடுத்து ஏறி விழுந்தது நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

உள்ளே போய் என்ன கேட்டோம் என்று மகள் இப்போது கேட்கிறாள். அவளுக்கு நான் சொல்லும் விடை: பல்ப் குழு. சனிக்கிழமை இரவு ஸ்ரோன் றோசஸ் வருவதாக இருந்தது. அவர்களுடைய கிற்றார்காரர் சைக்கிளால் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டதால் பல்ப்புக்கு அந்த இடம் கிடைத்தது. பிரித்தானியப் பொப் இசை பற்றி எழுதுகிறவர்கள் அந்த இரவை இன்றும் விடுகிறார்களில்லை. அந்த வரலாற்றுச் சம்பவத்தில் நான் நேரில் இருந்தேன். இருந்தேன் என்பது சரி. நித்திரையாக இருந்தேன் என்பதை மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. ஊரில் எனக்குக் கச்சேரி கேட்டுப் பழக்கமே அப்படித்தான். இணுவிலிலும் அளவெட்டியிலும் கோயில் திருவிழா என்றால் மேளச்சமா விடிய விடிய நடக்கும். நாலைந்து கூட்டம் நாதஸ்வரம், தவில். சைக்கிளில் இருவரை ஏற்றிக்கொண்டு போவோம். கச்சான் வாங்கி மணலில் விரித்த சாரத்தில் படுத்துவிட்டால், தவில் தனி உச்சத்துக்குப் போகும்போது ஒருதரம் கண் முழிக்கும், பிறகு மூடும். தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட கிழவர்கள் பக்கத்தில் இருந்து, “இது என்ன அடி, அவன் அடிச்சதெல்லோ அடி” என்று சலித்துக்கொள்வார்கள். காசு கொடுக்காத கச்சேரியில் நித்திரை கொண்டவனுக்கு நட்டமேது? வேர்தி பண்ணைப் புல்லில் படுத்தபோதும் எனக்கு அதே நினைப்புத்தான். போவது பெறுமதியா இல்லையா என்ற கேள்வி அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. மூன்றரைப் பவுணுக்கு அப்படியொரு கேள்வி முளைக்காது.

1997இல் உத்தியோகம் கொஞ்சம் உயர்ந்து, வெட்கம் வந்து, 75 பவுண் கொடுத்து முறையாக ரிக்கெற் எடுத்துப் போனேன். அந்த ஆண்டு கொட்டின மழையில் பண்ணை முழுக்க உழவு வயலாகியது. முழங்கால் சேற்றில் ஒரு சப்பாத்தை விட்டுவிட்டு வந்தேன். ஐயா கேட்டிருந்தால், காசு கொடுத்து வயலுக்குள் இறங்கின முதலாவது ஆள் நீதான் என்றிருப்பார்.

பிறகு கலியாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள். விழா பி.பி.சி.யில் வந்தது, சோபாவில் இருந்து பார்த்தேன். 2000ஆம் ஆண்டு அனுமதித்த தொகைக்கு மிக மேலாகச் சனம் வேலி தாண்டி நிறைந்துவிட, 2001இல் விழாவே நடக்கவில்லை. 2002இல் புது வேலி போட்டார்கள். 12 அடிக்கு மேல் உயரம், சுற்றளவு சுமார் 8 கிலோமீற்றர், உருக்கு. செய்தியில் அதைக் காட்டியபோது நான் மனைவியிடம், “நல்ல வேலை செய்திருக்கிறாங்கள். கண்டவன் நிண்டவன் எல்லாம் உள்ளுக்கப் போனா என்னண்டு?” என்றேன். அவளுக்கு 95ஆம் ஆண்டுக் கதை தெரியும். ஒன்றும் சொல்லாமல் என் காற்சட்டையைப் பார்த்தாள்.

இப்போது உள்ளே போவதற்கு ஏணிக்காரன் போதாது. முதலில் பதிவு. பதிவுக்குக் கடவுச்சீட்டில் இருப்பதுபோல முகப்படம். ரிக்கெற்றில் அந்தப் படம் அச்சாகும். இன்னொருவருக்குக் கைமாற்ற ஏலாது. 2023 நவம்பரில் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அடுத்த ஆண்டு விழாவுக்கான விற்பனை தொடங்கியது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி என் மகளும் அவளுடைய சிநேகிதிகள் மூவரும் நாலு கணினி, ஆறு தொலைபேசி சகிதம் யாகத்துக்கு உட்கார்ந்ததுபோல இருந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் கூச்சல் போட்டாள், கிடைத்துவிட்டது. ஒருமுறைக்கு ஆறு பேர் வரை போடலாமாம், எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். “நீங்கள்தானே அப்பா எப்ப பார்த்தாலும் அந்தக் கதையைச் சொல்லுறனீங்கள்.”

விலை 355 பவுண், பதிவுக் கட்டணம் 5. முன்பணமாக மட்டும் 75 கட்டச் சொன்னார்கள். அன்றைக்கு முழு ரிக்கெற்றே 65 என்று நான் சொன்னபோது சிநேகிதிகள் தாத்தா கதை கேட்பதுபோலச் சிரித்தார்கள். மனைவி குசினியில் இருந்து, “இஞ்சருங்கோ, ஊருக்குப் போற பிளேன் ரிக்கெற்றில அரைவாசி உது. மாட்டுப் பட்டியில படுக்கிறதுக்கோ?” என்றாள். மாடுகளை விழாவுக்கு முதலே புல்வெளியை விட்டுக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நான் விளக்கினேன். அது என் கட்சிக்கு உதவவில்லை.

360 பவுண் கொடுத்தவனின் மூளை வேறு விதமாக வேலை செய்கிறது. புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள். 7,200 நிமிடம். நிமிடத்துக்கு 5 பென்ஸ். தேத்தண்ணி வரிசையில் இருபது நிமிடம் நின்றால் 1 பவுண் போச்சு, தேத்தண்ணி விலை புறம்பு. ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டால் 18 பவுண்; முதுகுவலிக்குள் அதை நான் எப்படிக் கொள்ளலாம்? மேடைகள் நூற்றுக்கு மேலே. ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மற்றதெல்லாவற்றையும் தவறவிடுகிறோம் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடும். 2 லட்சத்துக்கு மேல் சனம். ஒரு மேடையில் இருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர, நல்லூர் தேரன்று வடக்கு வீதியில் இருந்து தெற்கு வீதிக்குப் போகிற நேரம் வேண்டும். முதல் நாள் மகளின் கைபேசி 24,000 காலடி என்றது. நான் கேட்ட பாட்டு மொத்தம் ஒன்பது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரமிட் மேடையில் ஒரு வயதான பெண்மணி ஏறினார். மரீனா அப்ரமோவிச், சேர்பியாவில் பிறந்த கலைஞர். வெள்ளை உடுப்பு, கையை விரித்தால் சமாதானச் சின்னமாக மாறியது. பாடவில்லை. பக்கத்தில் நிற்பவரின் தோளில் கையை வையுங்கள், 7 நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்போம் என்றார். 35 பென்ஸ் என்று என் மூளை உடனே சொல்லியது. இந்தக் கூட்டமாவது, மௌனமாவது என்று நினைத்தேன். நின்றது. தூரத்து மேடையொன்றின் அதிர்வும், எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கலும் தவிர வேறு இல்லை. யுத்த நாட்களில் எங்கள் ஊரில் இப்படித் திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்கினால் பங்கருக்குள் இறங்கிவிடுவோம். மூன்றாவது நிமிடத்தில் என் கால் தானாக ஒருதரம் பின்வாங்கியது. இடது தோளில் மகளின் கை. வலது தோளில், வெயிலில் சிவந்து வெறும் மேலோடு நின்ற ஒரு முன்பின் தெரியாத ஆங்கிலேயனின் வியர்த்த கை. முடிந்ததும் அவன் என்னைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, பியர் குடிக்கிறாயா என்று கேட்டான். வாங்கிக் குடித்தேன். அது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கோல்ட்பிளே. கைக்கு ஒவ்வொரு வளையம் தந்தார்கள். பாட்டுக்கு ஏற்ப எல்லார் கையிலும் தானாக நிறம் மாறி எரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் ஈவிஸ் கிழவரையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். முடிந்தபின் மகள் சிநேகிதிகளோடு விடியும்வரை எங்கோ ஆடப் போனாள். நான் வேலியைப் பார்க்கப் போனேன்.

95இல் குதித்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு ஆசை. அரை மணித்தியாலம் வேலியோரமாக நடந்தேன். எல்லா இடமும் ஒரே இரும்பு. ஓரிடத்தில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு காவல்காரப் பெடியன் ஆங்கிலத்தில், “சேர், இந்தப் பக்கம் வரக்கூடாது” என்றான். பிறகு என் முகத்தில் ரோச் அடித்துப் பார்த்தான்.

“அண்ணை, தமிழோ?”

வவுனியாப் பெடியன். மாணவர் விசாவில் வந்து ஒன்பது மாதம். இன்றிரவு வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை, பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. “ஆர் அண்ணை பாடினவை? எனக்கு மேளம் மட்டும்தான் கேட்டது.” சொன்னேன். ரிக்கெற் எவ்வளவு என்றான். அதையும் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்று, விரலை மடக்கினான்.

“என்ர சம்பளத்துக்கு முப்பத்தொரு மணித்தியாலம் அண்ணை.”

“எனக்கு அப்ப இருபத்தாறு” என்றேன்.

“எடுத்துப் போனனீங்களோ?”

இல்லை, பாய்ந்தேன் என்றேன். அவன் என் வயிற்றைப் பார்த்தான், பிறகு 12 அடி வேலியை அண்ணாந்து பார்த்தான், மறுபடி என் வயிற்றை. அப்போது வேறு வேலி, ஏணி இருந்தது, ஆளுக்கு மூன்றரைப் பவுண் என்று வேண்டாத விளக்கமெல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ரோச்சை அணைத்து, இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணை, அது எந்த இடம்?”

தேடித்தான் வந்தேன், பிடிபடவில்லை என்றேன்.