வட்டிலக்கணச் சுருக்கம்

பாயிரம்

வீட்டுக் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க் வைக்க எண்ணுவோர்க்கு, எதை முதலில் வாங்குவது, எதைப் பின்னர் வாங்குவது என முறைப்படுத்திச் சொல்வது இந்நூல். குழந்தையின் முதல் வீடியோவையும் மறைந்த பெரியவர்களின் போட்டோக்களையும் கணினியில் வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்க உரியவர்.

நூற்பா 1: நில்லாது ஓடும் வட்டு எதுவும் இல்லை.

உரை: தேய்மானம், மின் ஏற்ற இறக்கம், அதிர்ச்சி ஆகியவற்றால் எந்த வட்டும் ஒருநாள் நிற்கும். சில வட்டுகள் விநோத ஒலி எழுப்பி முன்கூட்டி உணர்த்தும், பல உணர்த்தா. ஆகவே திட்டமிடுவோர் வட்டு நின்றுபோன நாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சிந்திக்க வேண்டும்.

நூற்பா 2: வட்டு பெருகப் பழுதும் பெருகும்.

உரை: 1988இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவர் ரெய்டு முறையை வகுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை மலிந்த சிறுவட்டுகள் பலவற்றைச் சேர்த்து, விலையுயர்ந்த ஒரு பெருவட்டுக்கு ஈடாக்குவது அவர்கள் நோக்கம். நூறு வட்டு சேர்ந்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் அந்த அளவு கூடும் என்று அவர்களே கணக்கிட்டார்கள். உபரித் தகவலையும் சேர்த்து எழுதும் ஏற்பாடு அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

நூற்பா 3: வீட்டுக்கு உரிய ரெய்டு வகை நான்கு.

உரை: தலா நான்கு டெராபைட் கொள்ளும் வட்டுகளை வைத்துக் காட்டுவோம்.

ரெய்டு 0: தரவைத் துண்டாக்கி இரு வட்டிலும் பகிர்ந்து எழுதும். எட்டு டெராபைட் கிடைக்கும், வேகமும் கிடைக்கும். ஒரு வட்டு போனால் அனைத்தும் போகும்.

ரெய்டு 1: ஒன்றையே இரு வட்டிலும் எழுதும். நான்கு டெராபைட்தான் கிடைக்கும். ஒன்று போனாலும் வேலை நடக்கும்.

ரெய்டு 5: குறைந்தது மூன்று வட்டு வேண்டும், மூன்றில் எட்டு டெராபைட் கிடைக்கும். இரண்டு எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் குறித்து வைத்தால், எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற இரண்டிலிருந்து அதை வருவிக்கலாம். பாரிட்டி என்பது இத்தகைய கணக்கு.

ரெய்டு 6: குறைந்தது நான்கு வட்டு, இரண்டு பழுதானாலும் தாங்கும்.

நூற்பா 4: மீட்கும் பொழுதே ஆபத்துப் பொழுது.

உரை: ரெய்டு 5இல் பழுதான வட்டுக்குப் புதிய வட்டை மாற்றினால், மிஞ்சிய வட்டுகள் முழுவதையும் படித்துத்தான் அதை நிரப்ப வேண்டும். நான்கு டெராபைட்டை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். மிஞ்சியவை ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுடைய வட்டுகள் என்றால் அந்நேரத்தில் இன்னொன்றும் சாயலாம். ஆகவே வெவ்வேறு காலத்தில் தயாரான வட்டுகளைத் தேடி வாங்குக.

நூற்பா 5: ரெய்டு பேக்கப் ஆகாது.

உரை: அஃதென்னை எனின், தவறி அழித்த கோப்பு இரு வட்டிலும் அதே கணத்தில் அழியும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் கோப்புகளைப் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். பவர் சப்ளை கெட்டு மிகை மின்சாரம் பாய்ந்தால் இரண்டும் கருகும். திருடன் பெட்டியோடு தூக்கிச் செல்வான். வேலை தடைபடாமல் காப்பது ரெய்டின் தொழில். கடந்த காலத்தைக் காப்பது பிரதியின் தொழில். இந்நூலின் உயிர்நிலை இந்த நூற்பா.

நூற்பா 6: வாங்கும் வரிசை இது.

உரை: இயங்குதளத்துக்கும் மென்பொருளுக்கும் சிறிய எஸ்எஸ்டி ஒன்று. தரவுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதற்கு ஈடான வெளிவட்டு ஒன்று. நகலெடுக்கும்போது மட்டும் அதைச் செருகி, முடிந்ததும் கழற்றுக. இன்னொரு பிரதி உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். மூன்று பிரதி, இருவகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பிய விதியும் இதுவே. இவ்வளவும் செய்தபின் பணம் மிஞ்சினால் ரெய்டு 1 அமைக்கலாம். வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் போன்ற தொழில் செய்து, ஒருநாள் நின்றாலும் நட்டம் என்போர்க்கு அது தகும்.

நூற்பா 7: திறந்து பாராத பிரதி பிரதியன்று.

உரை: மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் திறந்து பாருங்கள். இரண்டாம் வட்டு வாங்கக் கையில் பணம் இருந்தால் அதைக் கணினிக்குள் பொருத்தாதீர்கள். வெளிவட்டாக வாங்கி இன்றே நகலெடுங்கள்.