நாய்க்கு லெட்டர் வாங்கப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நீ போன்ல சொன்னதைக் கேட்டதுலருந்து உங்க ஆச்சி சிரிப்பை அடக்க முடியாமத் திரியுதா. “சான் ஹோசேல நாய் வளக்கணும்னா மனுசன் டாக்டர்கிட்டப் போயி மனசைத் திறந்து காட்டணுமாம்”னு குழாயடி வரைக்கும் சேதி போயாச்சு. நானும் சிரிச்சேன், இல்லங்கல. ஆனா சிரிச்சுட்டு விட்டுர முடியுமா? பெரியவீட்டு மருமக சாக்ரமெண்டோவுல மனநல ஆலோசகரா இருக்காள்லா, அந்தப் புள்ள லீவுக்கு வந்திருக்கு. திண்ணையில உக்கார வச்சு, காப்பியக் குடுத்து, சாயங்காலம் பூரா விசாரிச்சிட்டேன். இப்ப உன் அப்பார்ட்மென்ட் மேனேஜரை விட எனக்கு விவரம் கூட.

நீ சொன்ன கதை இதுதான. நாய்க்கு முன்பணம் கேக்கான். அதுபோக மாசாமாசம் நாய் வாடகை வேற. நாய் என்ன சம்பளமா வாங்குது? நியாயமான கோவம்தான். உடனே உன் சிநேகிதன் ஒரு வழி காட்டுதான்: வெப்சைட்டுல பணத்தைக் கட்டு, பத்துக் கேள்விக்குப் பதிலைத் தட்டு, ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி ‘இவனுக்கு நாய் தேவை’ன்னு லெட்டர் வந்துரும், நாய்க்குச் சிவப்பு அங்கியும் போட்டோ போட்ட அடையாள அட்டையும் கூடவே வரும்னு. அந்த அட்டையோட மாதிரியை நீ அனுப்பினப்பப் பாத்தேன்லே. உன் ஆதார் கார்டை விட அதுல முகம் லட்சணமா விழுந்திருக்கு. அதுக்காக வேணும்னா வாங்கிக்கோ, சுவத்துல மாட்ட ஆகும். வேற எதுக்கும் ஆகாது.

ஏன்னு கேளு. அமெரிக்காக்காரன் சட்டத்துல ரெண்டு வகைப் பிராணி இருக்கு. உன் சிநேகிதன் ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பி உன் தலையில ஊத்திட்டான். ஒண்ணு சேவை நாய். 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல வருது. ஊனமுள்ள ஒருத்தருக்காக ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கின நாய் அது. கண்ணு தெரியாதவருக்கு வழி காட்டும். பயம் பீறிட்டு வரும்போது மேல சாஞ்சு அமத்தும். கெட்ட கனாவுல அலறுதவரை எழுப்பி விடும். அது கடைக்கும் போகலாம், ஹோட்டலுக்கும் போகலாம். கடைக்காரன் ரெண்டே கேள்விதான் கேக்கலாமாம்: இது ஊனத்துக்காகத் தேவைப்படுத சேவை நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கு? அட்டையக் காட்டுன்னு கேக்க அவனுக்கு உரிமை கிடையாது. மத்திய சர்க்காரு அப்படி ஒரு அட்டையும் குடுக்கல, பதிவேடும் வைக்கல. அப்ப அந்த வெப்சைட்டுக்காரன் எந்தப் பதிவேட்டுல உன் நாயைப் பதியுதான்? அவன் வீட்டுப் பால் கணக்கு நோட்டுலதான். சரி, ரெண்டாவது கேள்விக்கு நீ என்ன சொல்லுவ? உன் நாய்க்குத் தெரிஞ்ச வேலை செருப்பைக் கடிக்கதும், வாசல்ல பார்சல் வந்தா ஓடிப் போயி கட்டிலுக்கு அடியில ஒளியதும். சேவை நாய்னு கலிபோர்னியாவுல பொய் சொல்லி மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் உள்ள இருக்கலாம், ஆயிரம் டாலர் வரைக்கும் அபராதமும் கட்டலாம். விசாவுல ஒக்காந்திருக்கவனுக்கு இது தேவையாலே?

இன்னொண்ணு, மனசுக்குத் துணையா இருக்க பிராணி. இதுக்கு வேலை பழக்க வேண்டாம். கூட இருந்தாப் போதும். இதுக்கு ஓட்டலுக்குள்ள இடமில்ல, கடைக்குள்ள இடமில்ல. ஆனா வீட்டுல இருக்கு. ஆளோட நிறத்தையும் இனத்தையும் பாத்து வீடு இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு 1968ல ஒரு சட்டம் போட்டாங்க. 1988ல அதுல ஊனமுள்ளவங்களையும் சேத்தாங்க. அந்தச் சட்டம் பிடிச்சுத்தான் இது நிக்குது. மனநோவோ உடல்நோவோ உள்ள ஒருத்தருக்கு ஒரு பிராணி நெசமாத் தேவைன்னு ஆயிட்டா, அது வளப்புப் பிராணிக் கணக்குலயே வராது. முன்பணமும் இல்ல, நாய் வாடகையும் இல்ல. கதவைப் பிறாண்டி வச்சா மட்டும் அதுக்கு நீதான் காசு குடுக்கணும்.

காலேஜ் விடுதிக்கும் இதே கதைதான். நெப்ராஸ்கா மாநிலத்துல கியர்னிங்க ஊர்ல, பல்கலைக்கழக வீட்டுல ஒரு மாணவி குட்டி நாய் ஒண்ணை வச்சுக்கிடக் கேட்டுச்சு. முடியாதுன்னுட்டாங்க. சர்க்காரே வழக்குப் போட்டுது. மாணவர் வீடும் இந்தச் சட்டத்துக்குள்ள வரும்னு 2013ல கோர்ட்டு சொல்லிருச்சு. 2015ல 1,40,000 டாலரை எடுத்து வச்சுச் சமாதானம் ஆனாங்களாம். ஒரு சாண் உயர நாய்க்கு!

பிளேனைப் பத்திக் கனாக் காணாத. முன்னாடி அதுல எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. 2018 சனவரியில நூவர்க் ஏர்ப்போர்ட்டுல ஒரு அம்மா மயிலைக் கொண்டாந்து, இதுதான் என் மனத்துணைன்னு நின்னாளாம். விமானக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான். முருகனே போயிருந்தாலும் அதே கதிதான். மயிலுக்கு முன்னாடி வேலுக்கே செக்யூரிட்டியில நிப்பாட்டியிருப்பான். அதே வருசம் ஆர்லாண்டோவுல ஒருத்தி அணிலோட ஏறி உக்காந்துட்டு இறங்க மாட்டேன்னுட்டா. கடைசியில பிளேன்ல இருந்த எல்லாரையும் இறக்கி, போலீசு வந்துதான் அவளைக் கூட்டிட்டுப் போச்சாம். இப்படி ஆளாளுக்கு ஒண்ணைத் தூக்கிட்டு வரவும் 2021 சனவரியில சட்டத்தையே மாத்திட்டாங்க. இப்ப பழக்கின சேவை நாயைத்தான் ஏத்தியாகணும். மனத்துணைப் பிராணியை ஏத்தணும்னு விமானக்காரனுக்குக் கட்டாயம் கிடையாது. நெசமாவே தேவையுள்ளவனோட வழியையும் சேத்து அடைச்சது இந்த மயிலும் அணிலும்தான். பத்துக் கேள்வி லெட்டர்காரன் வீட்டு விசயத்துலயும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கான்.

தருமர் சொர்க்க வாசல்ல நாயோட நின்னாரே, ஞாபகம் இருக்கா? இந்திரன் என்ன சொன்னான்? நாய்க்கு இங்க இடமில்லைன்னான். அவனும் உன் மேனேஜர் மாதிரி ஆளுதான் போல. அதுக்குத் தருமர் சிவப்பு அங்கியா வாங்கி மாட்டினாரு? இது இல்லாம நான் உள்ள வரலைன்னு உள்ளதைச் சொன்னாரு. வேலை முடிஞ்சுது.

இனி விசயத்துக்கு வாரேன். நாய் உனக்கு நெசமாத் தேவைன்னு லெட்டர் எழுத ஒரு ஆலோசகர் வேணும். மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பாக்கோம்லா, அதுமாதிரி ஆலோசகரைத் தேடுதப்போ லைசன்ஸ் நம்பரைப் பாரு. மனநல மருத்துவரா இருக்கலாம், உளவியலாளரா இருக்கலாம், லைசன்ஸ் உள்ள சமூகப் பணியாளரா, குடும்ப ஆலோசகராவும் இருக்கலாம். ஆனா கலிபோர்னியாவுல தொழில் பாக்க லைசன்ஸ் இருக்கணும். அது நடப்புல இருக்கான்னு மாநில சர்க்காரு வெப்சைட்டுலயே தட்டிப் பாத்துக்கிடலாம். வீடியோவுல பேசினாலும் குத்தமில்ல. கம்ப்யூட்டர் வழியாப் பேசினதுனால அது கள்ளமாயிராது. ஆளைப் பாக்கதுக்கு முன்னாடியே “லெட்டர் உறுதி, இல்லைன்னாப் பணம் வாபஸ்”னு சொல்லுதவன் டாக்டரில்ல, லாட்டரிச் சீட்டு விக்கவன். பணம் கட்டின யாருக்கும் இணையத்துல குடுக்க சான்றிதழை மட்டும் வச்சு நம்ப முடியாதுன்னு அமெரிக்க வீட்டுவசதித் துறையே 2020ல எழுதியிருந்துச்சு.

கலிபோர்னியாவுல 2022 சனவரியிலருந்து இன்னும் கடுசு. மனத்துணை நாய்க்கு லெட்டர் எழுதணும்னா, அதை எழுதுதவர் குறைஞ்சது 30 நாளாவது உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கணும். முறைப்படி மதிப்பீடு செஞ்சிருக்கணும். லெட்டர்ல லைசன்ஸ் நம்பரும், லைசன்ஸ் நடப்புக்கு வந்த தேதியும் இருக்கணும். அப்ப ஒரே நாள்ல வருத லெட்டர் இந்தக் கணக்குல எங்கலே நிக்கும்? பெரியவீட்டு மருமககிட்டயே வாங்கிரலாம்னும் கணக்குப் போடாத. நானே அடிமடியில அந்தக் கேள்வியை வச்சிருந்தேன். கேக்கதுக்கு முன்னாடியே சொல்லிட்டா: “தாத்தா, தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைகளை நாங்க பாக்கக் கூடாது, அது தொழில் தர்மம்.” காப்பிக் காசு போச்சு.

உள்ள போனா என்ன நடக்கும்னு பயப்படுத. நாயைக் கூட்டிட்டுப் போகணுமான்னு கேட்ட. வேண்டாம். அங்க பரிசோதனை உனக்கு, நாய்க்கில்ல. தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில கவனம் நிக்கா, குடி உண்டா, வீட்டுல யாருக்காவது முன்னாடி இப்படி இருந்திருக்கா, செத்துப் போயிரலாம்னு நினைப்பு வருதான்னு கேப்பாங்க. கடைசிக் கேள்விக்குத் திடுக்கிடாத. எல்லார்கிட்டயும் கேக்கதுதான். ஒரு தாளும் குடுப்பாங்க. ஒன்பது கேள்வி. போன ரெண்டு வாரத்துல இது எத்தனை நாள் இருந்துச்சுன்னு பூச்சியத்துலருந்து மூணு வரைக்கும் போடணும். மொத்தம் 27. நீ சின்ன வயசுலருந்து மார்க்குக்குப் பறந்தவன், இதுலயும் சென்டம் எடுத்துராத. இதுல மார்க் கூடக்கூட நோவு கூடன்னு அர்த்தம். பத்தைத் தொட்டாலே கூர்ந்து பாப்பாங்களாம். பதட்டத்துக்கு ஏழு கேள்வியில இன்னொரு தாள் உண்டு. தாள்ல உள்ளதை மட்டும் வச்சு முடிவு கட்ட மாட்டாங்க. எதுக்க உக்காந்து பேசுத ஆளு, நீ எழுதினதையும் சொன்னதையும் உன் முகத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க.

“ஊர் ஞாபகம் வருது, நாய் இருந்தா நல்லாருக்கும்”னு சொன்னா லெட்டர் வராது. நாய் இருந்தா எல்லாருக்கும்தான் நல்லாருக்கும். உன் மனநோவு தூக்கத்தையோ வேலையையோ உன்னை நீயே பாத்துக்கிடுததையோ நெசமாவே முடக்கியிருக்கணும். அந்த முடக்கத்தை இந்த நாய் எப்படிக் குறைக்குங்கதும் விளங்கணும். ரெண்டும் சேந்தாத்தான் எழுதுவாங்க. எழுதாமலும் போகலாம். பணம் அவங்க உன்னைப் பாத்ததுக்கு, லெட்டருக்கில்ல.

இப்ப கிழவன் ஒரு கேள்வி கேக்கேன், கோவிக்காத. நான் மத்தியானம் சோத்தைத் தின்னுட்டுக் கட்டில்ல சாயுதப்பதான் உன் போன் வருது. அங்க நடுச்சாமம் தாண்டி ரெண்டு மணி இருக்கும். அன்னைக்கும் அப்படி, போன வாரமும் அப்படி. “தூங்கலையாலே?”ன்னா “வேலை தாத்தா”ங்க. வேலை இருக்கவனுக்கு நாய் குரைக்கதையும் ஆச்சி வச்ச குழம்பையும் பத்திப் பேச ஏது நேரம்? உங்க கம்பெனியில ஆளைக் குறைக்காங்கன்னு உன் அம்மா வாய் தவறிச் சொல்லிட்டா. வேலை போனா உன் வேலை விசாவுல உனக்கு அதிகபட்சம் அறுபது நாள்தான் தவணைன்னு நானும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நீ மெலிஞ்சிருக்க. நாய்க்கு வைக்கணுமேன்னு எந்திரிச்சாத்தான் நீயும் திங்க. நாயை வெளிய விடணுமேன்னாத்தான் வாசப்படி தாண்டுத. இதை நீயே உன் வாயால சொன்ன, விளையாட்டா.

பொய் லெட்டருக்கு அலையுத பயலே, உன்கிட்ட இருக்கது நெசக் காரணம்லே! அதைத்தான் அந்த அறையில சொல்லணும். பெருசாக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். லெட்டருக்காகப் போ, பரவாயில்ல. ஆனா அங்க போனதும் நாய் வாடகையை மறந்துட்டு உன் தூக்கத்தைப் பத்திப் பேசு. அவங்க வைத்தியம் சொன்னா லெட்டரைப் பத்தி யோசிக்காமச் செய். லெட்டரை மட்டும் மடிச்சு வச்சுக்கிட்டு, வாரா வாரம் வரச் சொன்னதுக்குப் போகாம இருந்தா, நாய்க்கு வீடு கிடைச்சிரும், உனக்குத் தூக்கம் கிடைக்காது.

பொண்ணு பாக்க நேரத்துல இது வெளிய தெரிஞ்சா என்னன்னு உன் அம்மா பயப்படுதா. அவளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். லெட்டர்ல நோவோட பேரை எழுதணும்னு அவசியம் இல்லையாம். வைத்தியக் குறிப்பைக் கொண்டான்னு வீட்டுக்காரன் கேக்கவும் முடியாது. கல்யாணத் தரகருக்கு யாரும் காப்பி அனுப்ப மாட்டாங்க. காசுக்கும் முன்னாடியே கவலைப்படாத. பல கம்பெனியில ஊழியருக்கு ஆலோசனைன்னு மொத சில தடவை இலவசம், அதுக்கு மேல இன்சூரன்ஸ் உண்டான்னு கேட்டுப் பாரு.

திங்கக்கிழமை காலையில ஆபீசு திறந்ததும் போன் போட்டு நேரம் வாங்கு. எல்லாம் முடிய ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் உன் நாய் சட்டப்படி வெறும் நாய்தான். முன்பணத்தையும் நாய் வாடகையையும் வம்பு பண்ணாமக் கட்டிரு.