உழைக்கும் சத்தம்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. "சும்மாதானேடா இருக்க, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடேன்" என்பது எங்கள் வீட்டுப் பகல்நேரப் பல்லவி.

மே மாதத்தில் ஒரு ராத்திரி லேப்டாப் தானாக அப்டேட் ஆனது. காலையில் திறந்ததும் உள்ளே ஒரே இரைச்சல்.

"காலங்காத்தால யாரு மிக்ஸி போட்டது?" என்றாள் அம்மா. "மிக்ஸி இல்ல அத்தை, அவரு லேப்டாப்பு" என்றாள் மனைவி.

தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை முழுக்கத் திருப்பினாலும் நிமிடத்துக்கு 350 சுற்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் லேப்டாப் விசிறியோ 4,000, 5,000 என்று சுற்றக்கூடியது. சிப் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நிலை வராமல் காப்பது இந்தப் பொடியன் பொறுப்பு. கத்திரி வெயிலில் அவனுக்குக் கிடைப்பதும் அறையில் இருக்கும் அதே அனல்காற்றுதான். கத்தாமல் என்ன செய்வான்?

நான் ஒரு மெயில்கூடத் திறக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், லேப்டாப் தேடுவதற்கு வசதியாக எல்லா ஃபைல்களையும் முதலிலிருந்து படித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. தங்கை கல்யாணப் பத்திரிகையின் எட்டு ப்ரூஃப் உட்பட. இதில் ஒரு சூட்சுமம். நான் டைப் அடிக்கத் தொடங்கினால் மரியாதையாக ஒதுங்கி நிற்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மறுபடி முழுமூச்சாக இறங்கும். ஆக, நான் வேலை செய்தால் நிசப்தம். சும்மா இருந்தால் சத்தம்.

வீட்டாருக்கு இது தெரியாது. சீரியல் சத்தம் குறைந்தது. கேட்காமலே மோர் வந்தது. "பையனுக்கு வேலை ஜாஸ்தி, மெஷினே அலறுது" என்று சித்தியிடம் அம்மா போனில் சொன்னது காதில் விழுந்தது. நானும் மனசாட்சியை ஒதுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பட்டியல் வேலை நாலைந்து நாளில் முடிந்திருக்க வேண்டும். மூன்று வாரமாகியும் இரைச்சல் அடங்கவில்லை. மடியில் வைத்தால் தொடை வெந்தது. ரிப்பேர் கடைத் தம்பி அடிப்பக்கத்தைக் கழற்றினார். காற்று வெளியேறும் தகடுகளுக்கிடையே தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. "அப்டேட் பாவம் சார். இதுல ஒரு தலையணை தைக்கலாம்" என்றார். ப்ளோயரால் ஊதி, காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி, சிப்பின் மேல் பட்டாணி அளவு புதிது வைத்து மூடினார்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவசரமான ரிப்போர்ட் ஒன்று, நெற்றி வியர்க்க அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சிடுச்சாப்பா?"

கையில் பை இருந்தது. மூன்று வாரப் பாக்கியாகக் கொத்தமல்லியோடு புதினாவும் கறிவேப்பிலையும் சேர்ந்திருந்தன.