விடுப்பில் இருக்கும் ஊழியம்

அமெரிக்க மிஷனரித் தம்பதிக்கு நான்கு ஆண்டு வெளிநாட்டு ஊழியம், பிறகு ஓராண்டு தாய்நாட்டு விடுப்பு என்பது நெடுநாள் வழக்கம். பெயர்தான் விடுப்பு. ஆதரவு திரட்ட ஞாயிறு ஒரு சபை, புதன் இன்னொரு சபை, நடுவே நெடுஞ்சாலை. சபைக்குச் சபை அதே படக்காட்சி, அதே சாட்சி, அதே கோழி கேசரோல். போகுமுன் தம்பதியின் சிரித்த முகம் அச்சிட்ட ஜெப அட்டை ஒவ்வொரு ஃபிரிட்ஜ் கதவிலும் ஏறிவிடும். பால் எடுக்கும்போதே ஜெபமும் முடியும். இதைவிடச் சிக்கனமான பக்தி உண்டா?

இந்த ஏற்பாடு இல்லாததால் வீணாய்ப் போனவர் அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன். 1812இல் மனைவி ஆனுடன் கப்பலேறினார். வழியில் வேதம் படித்து மனம் மாறி, கல்கத்தாவில் பாப்டிஸ்ட் ஆனார். செலவு செய்து அனுப்பியவர்களோ வேறு சபைக்காரர்கள். (இதை ஆதரவாளர்களுக்கான ஜெபக் கடிதத்தில் எந்தப் பத்தியில் எழுதுவது?) 1813இல் பர்மா சேர்ந்தார், முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். இன்றானால் இரண்டாம் ஆண்டு அறிக்கையோடு காணிக்கை நின்றிருக்கும். தாய்நாட்டை எட்டிப் பார்த்ததே 1845இல்தான். அதுவரை பர்மிய மொழி, அகராதி, பைபிள் மொழிபெயர்ப்பு என்று பொழுதைப் போக்கியிருக்கிறார், பாவம்.

உடன் புறப்பட்டவர்களில் காலத்தை முந்தியவர் லூதர் ரைஸ். ஆதரவு திரட்டி வருகிறேன் என்று 1813இல் அமெரிக்கா திரும்பினார். ஊர் ஊராய்ப் போய்த் திரட்டினார். 1836இல் கண்மூடும்வரை திரட்டினார். பர்மாவுக்குப் போகத்தான் நேரம் கிடைக்கவில்லை.