பழங்கார்க்காரர்

வசதி இல்லாததால் பழைய கார் வைத்திருப்பவர் ஒரு வகை. பழைய கார் வைத்திருப்பதால் வசதி இல்லாமல் போனவர் இன்னொரு வகை. பழங்கார்க்காரர் என்ற பட்டம் இரண்டாமவருக்கே உரியது. வயது பெரும்பாலும் ஐம்பதை ஒட்டி இருக்கும். ஆபீஸ் போக வர அவரிடம் வேறு கார் உண்டு. அதன் பானெட்டை எப்படித் திறப்பது என்று கேட்டால் டிரைவரைக் கூப்பிடுவார். போர்ட்டிகோவில் உறை போர்த்தி நிற்கும் மற்றதைப் பற்றி விசாரித்துவிட்டால், விசாரித்தவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேருவது நிச்சயமில்லை.

தமிழ்நாட்டில் இவர்கள் பெரும்பாலும் மூன்று கட்சி. அம்பாசடர் கட்சி பெரியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்து, வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து 2014 வரை முகம் அதிகம் மாறாமல் வெளிவந்த வண்டி அது. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய டி.எம்.எக்ஸ். 4777 தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்பதை இக்கட்சிக்காரர் தம் பாட்டனார் சொத்துபோலச் சொல்லுவார். ஃபியட் கட்சிக்குப் பம்பாயில் செய்த 1100-உம் அதன் வாரிசான பத்மினியும் குலதெய்வங்கள். அம்பாசடரை அவர்கள் ‘லாரி’ என்பதே வழக்கம். ஹெரால்டு கட்சி சிறுபான்மை, அதனால் தீவிரம் அதிகம். 1961 முதல் சென்னையிலேயே செய்த கார், இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடம்பு, நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஹெரால்டின் பானெட், இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயர்மேலேயே உட்கார்ந்து இன்ஜினில் வேலை பார்க்கலாம். சீட்டில் உட்கார்ந்த நேரத்தைவிட டயர்மேல் உட்கார்ந்த நேரமே இவர்களுக்கு அதிகம் என்று எதிர்க்கட்சிகள் சொல்வதுண்டு.

வேகப்பிரிவு என்று ஒரு கிளையும் இருக்கிறது. சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களைச் சிறுவயதில் அப்பாவின் தோளிலிருந்து பார்த்தவர்கள் இவர்கள். சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவார்கள். ஒரு கார்ப்பரேட்டர் போதுமான இடத்தில் இரண்டு வைப்பார்கள். இப்படிப் பெற்ற வேகத்தைச் சோதிக்க விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். ரேடியேட்டர் கொதிப்பதற்குள் கோவளம் தாண்டிவிட்டால் வெற்றி.

எந்தக் கட்சியானாலும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு உறை நீங்கும். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, செல்ஃப் அடிப்பார். தெருநாய்கள் எழுந்துவிடும். வண்டி எழாது. மூன்றாம் முறை பெட்ரோல் வாசனை வரும். ‘ஓவர்ஃப்ளோ’ என்று அறிவித்துவிட்டு இறங்குவார். வேலியோரம் நின்று பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோய் அனுதாபப்படுகிறார். அனுதாபம் வீண். முதல் அடியிலேயே கிளம்பியிருந்தால் பீச் வரை போய் ஏழரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்புறம் அன்று முழுக்க அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

கிளம்பாத வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றலாம். உள்ளே ‘பாயின்ட்’ என்னும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள். இன்ஜின் சுற்றச் சுற்ற அவை ஒட்டியும் பிரிந்தும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அறுத்து அறுத்து விடும். அறுபடும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிளக்கில் பொறி பறக்கும். பொட்டு கரிந்தால் பொறி செத்துவிடும். உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, இடைவெளியை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். அதற்கென்று ஃபீலர் கேஜ் இருக்கிறது. அது எப்போதும் மெக்கானிக்கிடம் இருக்கிறது. எனவே பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை உருவி இடைவெளியில் நுழைத்துப் பார்ப்பார். ஊரிலுள்ள டாக்டர்கள், ஆடிட்டர்கள் கார்டெல்லாம் மூலையில் கரி பூசி அவர் பர்ஸில் இருப்பதற்கு இதுதான் காரணம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. அந்த யோசனையைச் சொன்ன மைத்துனரோடு அவர் இப்போது பேசுவதில்லை.

மனைவிக்குத் தெரியாத கணக்கெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் மெக்கானிக். ஷெட்டுக்குப் போர்டு இருக்காது. அவர் செல்போனை எடுக்கவும் மாட்டார். ஆபீஸில் தம் கீழே இருப்பவர்களை நிற்கவைத்துப் பேசும் மனிதர் இங்கே கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் அடக்கமாக உட்கார்ந்திருப்பார்.

“பாய், ஸ்லோ ஸ்பீடுல ஒரு நடுக்கம் இருக்கு.”

“இருக்கும் சார்.”

“கார்ப்பரேட்டரா இருக்குமோ?”

“இருக்கலாம் சார்.”

“இல்ல, டைமிங் தள்ளிப் போயிருக்குமோ?”

“டீ சொல்லவா சார்?”

டீ வந்துவிட்டால் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போக வேண்டும் என்று பொருள். செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்வார். எந்தச் செவ்வாய் என்று கேட்பது மரபில்லை. இடைப்பட்ட நாட்களில் பழங்கார்க்காரர் பழைய வாட்டர் பம்பைத் தினத்தாளில் சுற்றிக்கொண்டு புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறுவார். “இதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்” என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றுவது கவலையா பெருமிதமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கவலைப்படச் சில நியாயமான விஷயங்களும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றது. வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அது போனபின் ஹெட்டை இறக்கிக் கடினமான சீட் பதிக்க வேண்டியதாயிற்று. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். இவை உண்மை. ஆனால் இவற்றைப் பெட்ரோல் பங்க்கில், பின்னால் ஆறு பைக் ஹாரன் அடிக்க, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்க வேண்டியதில்லை. “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்பதே அந்தச் சொற்பொழிவுக்கு இதுவரை கிடைத்த ஒரே பதில்.

அரசாங்கம் இவரைப் புரிந்துகொண்டதாகவே தோன்றுகிறது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத சொந்த வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ரோட்டுக்குக் கொண்டுவரலாம். விதியை எழுதிய அதிகாரி ஏதோ ஒரு பழங்கார்க்காரரைப் பின்தொடர்ந்து போய்க் குறிப்பெடுத்திருக்க வேண்டும். வேறு எதற்கும் அந்த வண்டி வெளியே வந்ததே இல்லை.

ஊர்வல நாளில் மட்டும் குடும்பம் உடன் வரும். பட்டுப்புடவை மனைவி, பஞ்சகச்சமும் தலைப்பாகையுமாக அவர், பின்சீட்டில் போனைப் பார்த்தபடி மகள். மனைவியின் காலில் செருப்பு இருக்கும். தள்ள வேண்டி வந்தால் வசதியாக இருக்கும் என்று மனைவி அனுபவத்தில் கண்டது. வீட்டில் செலவுக்கணக்கு இரண்டு உண்டு. ‘சும்மா ஒரு கேஸ்கெட்’ என்று சொன்னது ஒன்று. இன்ஜினை இறக்கி ரீபோர் செய்தது இன்னொன்று. இரண்டாவது பில் கார் டாஷ்போர்டிலேயே இருக்கும். அந்த வண்டியில் வேறு யாரும் ஏறப்போவதில்லை என்பதால் பீரோவைவிடப் பத்திரமான இடம் அது.

வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கட்டும் மாதத்தில், “வித்துடலாம்னு பாக்கறேன்” என்பார். வீட்டில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். வாங்க வருபவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள்போல உட்கார்த்தி வைத்து விசாரிக்கப்படுவார்கள். ஏ.சி. மாட்டலாமா என்று கேட்டவர் அப்போதே தள்ளுபடி. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போகிறவர் பெயின்ட்டில் செலோடேப் ஒட்டுவார், அவரும் வேண்டாம். சினிமாக் கம்பெனிக்காரர் கடைசி சீனில் கொளுத்திவிடுவார். நாலாவதாக வருபவர் மட்டும் உட்காராமல் நேரே டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்ப்பார். அவர் வாங்க வந்தவர் இல்லை. அதே மாடலில் கண்ணாடி இல்லாத ஒன்றைத் தம் தோப்பில் போட்டு வைத்திருப்பவர். “ஸ்பேருக்கு ஆகுமே சார்” என்பார்.

அது கயிறு கட்டி இழுக்கப்பட்டுக் கொல்லைக்கு வந்து சேரும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒன்றைக் கழற்றியதுமே அவருக்கு மனம் கேட்காது. சேஸிஸ் நம்பர் தம் வண்டியதைவிட முந்தியது. அடித்தகட்டில் துருவும் குறைவு. இதைப் போய் உடைப்பதா? பாயைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எடுத்துக் கட்டிடலாம் சார், செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சுடறேன்” என்பார். இரண்டு வண்டிக்கும் ஸ்பேர் வேண்டுமே என்று, மூன்றாவது எங்கேயாவது கிடந்தால் சொல்லும்படி புதுப்பேட்டையில் இப்போது சொல்லி வைத்திருக்கிறார்.