சாம்பிராணிப் பேரன்

வாடா பேராண்டி, குந்து. ராத்திரி லயத்துக்குப் பின்னால சாம்பிராணி போட்டியாமே! எல்கடுவை மலைக்கே பக்தி ஏறிப்போச்சு. எதிர்க் காம்பிரா ஆயா, "பய திருந்திட்டான்"னு கன்னத்துல போட்டுக்குது. நானும் வாயைத் தொறக்கல.

என்னது, வெறும் இலைதானா? சிவன் சொத்தா? சரிதான். நாட்டு வைத்தியர் மதன மோதகத்துல அதைச் சேர்க்கிறது எனக்கும் தெரியும். அவர் சுத்தி பண்ணி, நிறுத்து, உருட்டிக் குடுப்பாரு. நீ மன்னார்க் கடல் தாண்டி வந்த கேரளக் கஞ்சாவை சிகரெட்டுத் தூளோட பிசைஞ்சு இழுக்கிற. ரெண்டும் ஒண்ணுன்னா, நானும் தொரையும் ஒண்ணுதான்.

நாப்பது வருஷம் கவ்வாத்து வெட்டினவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். உன் நெஞ்சுக்குள்ள ஒரு தொழிலாளி இருக்கான். பெரட்டுக்குப் பிந்தமாட்டான், லீவு கேக்கமாட்டான், சங்கத்துலயும் சேரமாட்டான். புகை உள்ள போனதும் அவனை வெரட்டுற, துடிப்பு எகிறுது, சிலருக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் போகுமாம். கூட வேலை வாங்கினா கைக்காசு குடுக்கணுமில்ல? புகையில காபனோரொட்சைட்டுன்னு ஒரு நச்சு வாயு, ரத்தத்துல ஒட்சிசன் குந்துற எடத்துல அது ஏறிக் குந்திக்குது. ரெட்டை வேலைக்கு அரைப்பேரு! வெள்ளைக்காரத் தொரைகூட இப்படி... செஞ்சான், விடு.

அட்டாக்கெல்லாம் கெழவனுக்குங்கிறியா? முத்துமாரியம்மனோட அஞ்சு தேரையும் தனியா இழுக்கிற வயசு உனக்கு, ஒத்துக்கிறேன். அமெரிக்காவுல அட்டாக் வந்த 3,882 பேரை விசாரிச்சு 2001ல எழுதினாங்க: இழுத்த முதல் மணித்தியாலத்துல ஆபத்து கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. 2025ல 50 வயசுக்குக் கீழ 46 இலட்சம் பேரோட வைத்தியப் பதிவைப் புரட்டினாங்க. சீனி வருத்தம், சிகரெட்டு இல்லாத ஆளுங்க. அதுல கஞ்சாக்காரங்களுக்கு அட்டாக் ஆறு மடங்கு. யாரு எவ்வளவு இழுத்தாங்கன்னு பதிவுல இல்ல, பழி பூராவும் இலை மேலதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. நியாயம்னா நியாயம். உன் வயசுல அட்டாக் அபூர்வம், ஆறால பெருக்கினாலும் அபூர்வம்தான். லொத்தர் சீட்டு வாங்கறப்ப மட்டும் உனக்கு அந்தக் கணக்கு மறந்துபோகுது.

நெஞ்சை இறுக்கிப் பிடிச்சா வாய்வுன்னு ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்காத. 1990க்கு அடி, சுவசெரிய வண்டி காசு வாங்காது. ஆனா இந்த வளைவெல்லாம் ஏறி வரணும், அதுவரைக்கும் அந்தத் தொழிலாளியைக் கெஞ்சிட்டு இரு. டாக்டர் என்ன இழுத்தேன்னு கேப்பாரு. அவர்கிட்டயும் சாம்பிராணின்னு சொல்லித் தொலைச்சிடாத.